‘எல்மர் கேன்ட்ரி’ நாவலை வாசிப்பது எப்படி

அமெரிக்க எழுத்தாளர் சின்க்ளேர் லூயிஸ் 1927-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எல்மர் கேன்ட்ரி’யை எடுப்பவர்களில் பலர், போலிப் போதகர் ஒருவரின் லீலைகளைக் கண்டு சிரிக்கலாம் என்று தொடங்கிப் பாதியில் அலுத்து மூடிவிடுகிறார்கள். அலுப்புக்குக் காரணம் இருக்கிறது. முதல் வரியில் குடிபோதையில் அறிமுகமாகும் எல்மர், 33 அதிகாரங்கள் கடந்த பின்பும் உள்ளுக்குள் அதே ஆள்தான். அவன் எப்போது திருந்துவான் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஊரார் அவனிடம் எதைக் கண்டு மயங்குகிறார்கள் என்பதைப் பின்தொடர்வதே சரியான வாசிப்பு. அதற்கு மிக எளிய வழி, அவனுடைய ஒரே ஒரு பிரசங்கத்தைப் பிடித்துக்கொள்வது.

கல்லூரியில் மனந்திரும்பியவனாக அறிவிக்கப்பட்ட உடனேயே அவன் மேடையேறிப் பேச வேண்டியதாகிறது. சொல்ல ஒன்றுமில்லாத நிலையில், நாத்திகனான அறைத்தோழன் ஜிம்மின் நூல்களுள் தேடி, அன்பை விடிவெள்ளியாகவும் அந்திவெள்ளியாகவும் போற்றும் பகுதியைக் கண்டெடுத்துத் தன் சொந்தச் சரக்காகப் பேசிவிடுகிறான். அதை எழுதியவர் ராபர்ட் இங்கர்சால்; சுயமரியாதை இயக்க வெளியீடுகள் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகமான அதே கடவுள் மறுப்புப் பேச்சாளர். அந்த வரிகள் நாவலில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றன. அவை வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் கேட்பவர் யார், எந்தச் சபை, பிரசங்கம் முடிந்ததும் எல்மருக்குக் கிடைத்தது என்ன என்று குறித்து வையுங்கள். இந்த மூன்று குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் நாவலின் எலும்புக்கூடு முழுவதும் தெரிந்துவிடும். திருடிய சொற்கள் என்பதைவிட, திருடிய சொற்களைச் சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கிவிடுகிறது என்பதுதான் லூயிஸின் கூர்மை. ஊழியத்துக்கான ‘அழைப்பு’ அவனுக்கு வராமல் இழுத்தடிப்பதும், விஸ்கி உள்ளே போன பிறகு வந்துவிடுவதும் இதே வகை நகைச்சுவை.

பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகளின் வேறுபாடு தெரியாவிட்டால் பாதிக் கிண்டல் கைநழுவிப்போகும். பாப்டிஸ்ட் சபையில் ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னாட்சி உடையது. மெதடிஸ்ட் சபையிலோ பேராயர் போதகர்களை இடமாற்றம் செய்து மேலேற்றுவார். எல்மர் பின்னதற்குத் தாவுவது கொள்கை மாற்றமன்று, பதவி உயர்வுக்கான கணக்கு. எழுப்புதல் கூட்டம், சாட்சி, காணிக்கை போன்ற சொற்களைத் தமிழ்க் கிறித்தவ வழக்கில் அறிந்தவர்களுக்கு ஆங்கில வாசிப்பு இன்னும் எளிது. கதையில் வரும் வினமாக் மாநிலத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். அது லூயிஸ் கற்பனையில் படைத்தது.

பின்னணியாக மூன்று செய்திகள் போதும். 1920-இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1925-இல் டென்னசியின் டேட்டன் நகரில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. லாஸ் ஏஞ்சலஸில் எய்மி செம்பிள் மெக்பர்சன் என்ற பெண் போதகர் பெருங்கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்தார். நாவலில் எல்மர் சேர்ந்து ஊழியம் செய்யும் பெண் போதகர் ஷாரன் ஃபால்கனரை வாசிக்கும்போது பலருக்கும் அவர் நினைவே வந்தது. 1926-இல் லூயிஸ் கான்சஸ் சிட்டியில் தங்கிப் போதகர்களை வாரந்தோறும் கூட்டிப் பேசவைத்தார். ஆகவே போதகர்கள் தமக்குள் சம்பளம், வருகை எண்ணிக்கை, விளம்பரம் பற்றிப் பேசும் பக்கங்களை நிதானமாக வாசியுங்கள்; என் பார்வையில் நாவலின் உச்சம் அவையே. ஷாரனுக்குப் பிறகு வரும் ‘புதுச் சிந்தனை’ (மன ஆற்றலால் எதையும் சாதிக்கலாம் என்று போதித்த இயக்கம்) அதிகாரத்தை வேகமாகக் கடந்தால் இழப்பு அதிகமில்லை.

பர்ட் லங்காஸ்டருக்கு ஆஸ்கார் பெற்றுத்தந்த 1960-ஆம் ஆண்டுத் திரைப்படத்தை முதலில் பார்ப்பது நல்லதன்று. அது ஷாரனின் கதையோடு நின்றுவிடுகிறது, ஜிம்மைப் பத்திரிகையாளனாக்கிவிடுகிறது, எல்மரை ஓரளவு விரும்பத்தக்கவனாகவும் ஆக்கிவிடுகிறது. அவன் மதிப்புமிக்க நகரப் போதகனாக உயரும் பிற்பாதியில்தான் லூயிஸின் கோபம் சூடேறுகிறது. அங்கே ஃபிராங்க் ஷலார்டின் மீதும் ஒரு கண் இருக்கட்டும். நேர்மையாகச் சந்தேகப்படும் அந்தப் போதகன் அடித்து நொறுக்கப்படுகிறான். எதையும் சந்தேகிக்காத எல்மர் மேடைக்கு மேடை வளர்கிறான்.

லூயிஸ் 1951-இல் மறைந்தார். இந்தியாவில் 2012 முதலும் அமெரிக்காவில் 2023 முதலும் இந்நாவலுக்குக் காப்புரிமை இல்லை. எனவே மூலத்தை இலவசமாகவே பெறலாம்.

கடைசிப் பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். சபையோர் முன் மண்டியிட்டு, அமெரிக்காவை ஒழுக்கமுள்ள நாடாக்குவோம் என்று எல்மர் உருகி வேண்டுகிறான். அந்த ஜெபத்தின் நடுவே, ஒரு சொல்லும் தடுமாறாமல், அவன் பார்வை பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கணுக்காலுக்குப் போய்த் திரும்பும் இடத்தில் பென்சிலால் கடைசிக் கோட்டைப் போடுங்கள்.