மார்ச்சில் மலைக்கு வருகிறீர்களா?

டொராண்டோவிலிருந்து அண்ணன் மகள் மார்ச் விடுமுறைக்குச் சென்னை வந்தபோது பெட்டியில் மலையேறும் காலணி, பைனாகுலர் எல்லாம் தயாராக இருந்தன. "வசந்த காலம்தானே சித்தப்பா, மலை முழுக்கப் பூவாக இருக்கும்" என்றாள். அவளுடைய ஊரில் மார்ச் பனி கரையும் மாதம். நம் மலையில் அது புல் காயும் மாதம். ஊட்டிக்கு மேலே புல்வெளி வைக்கோல் நிறத்தில் கிடந்தது, பாதைகள் பூட்டியிருந்தன. இரண்டு நாள் முகம் தூக்கி வைத்திருந்தாள். தவறு என்னுடையது, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அதனால் வெளிநாட்டிலிருந்து வரும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதிவரை மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தீயில் சிக்கி இறந்தார்கள். அதன்பிறகு வனத்துறை இதில் விட்டுக்கொடுப்பதில்லை. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் தொடங்கியது. அடுத்த ஆண்டே பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை நடைகளை நிறுத்தி வைத்தார்கள். ஆகவே டிக்கெட் போடும் முன் தேதியைப் பாருங்கள். சித்திரை பிறந்தபின் வருவதே நல்லது. நம் கணக்கில் இளவேனில் என்பதே சித்திரையும் வைகாசியும்தானே. கோடை மழை இரண்டு முறை பெய்திருந்தால் புல்லின் அடியில் பச்சை தெரியத் தொடங்கும்.

முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குக் காரில் போய் இறங்கிவிட முடியாது. சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் புல்வெளியும் சோலை என்னும் மலைக்காடும் வரையாட்டுக்கானவை. பார்சன்ஸ்வேலி வழியாக வழிகாட்டியுடன் நடக்கும் தடத்தை இணையத்தில் முன்பதிவு செய்யலாம். நல்ல நடை, மூச்சு வாங்கும். அம்மா அப்பாவை அழைத்து வந்திருந்தால் அது வேண்டாம், ஊட்டிக்குப் பக்கத்தில் கெய்ர்ன் ஹில் போதும். கோத்தகிரி லாங்வுட் சோலையும் எளிய நடைதான். வரையாட்டைப் பார்ப்பதற்காக மூணாறு பக்கம் இரவிக்குளம் தேசியப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்கவும்: குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடிவிடுவார்கள். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் இருந்தன. நம் மாநில விலங்கு நம் மாநிலத்தில் அவ்வளவுதான்.

பூவைத் தேடாதீர்கள். சோலைக்காட்டின் வசந்தம் தளிரில் இருக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலைக்கு வயது வைத்துப் பெயர் சொன்ன மொழி நம்முடையது. அதன் பொருள் எனக்கு விளங்கியது ஒரு சோலையின் விளிம்பில் நின்றபோதுதான். நாவல் இனத்து மரம் ஒன்று, நுனியெல்லாம் செம்பு நிறம். தளிரைத் தொட்டால் ஈரமான பட்டு போலத் துவள்கிறது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்பு நரம்பாக ஒளி ஊடுருவுகிறது. ஒரு விரற்கடை கீழே இருந்த இலை இளஞ்சிவப்பு, அதற்குக் கீழே வெளிர்பச்சை, அடியில் கரும்பச்சை. முகம் தூக்கி வைத்திருந்த அண்ணன் மகள் அந்த ஒரு கிளைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றாள். இதற்கு நடைத் தடம்கூடத் தேவையில்லை. மார்ச்சிலும் சாலை ஓரத்திலிருந்தே பார்க்கலாம். அசையாமல் நின்றால் கருமந்தியின் உறுமல் கேட்கும். தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு இயற்கையைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம்தான். தேயிலையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மஞ்சள் பூப் பூக்கும் சீகை (வாட்டில்) மரமும் வெளியிலிருந்து வந்து சோலையின் இடத்தைப் பிடித்தவை.

மார்ச்சில்தான் வர முடியும் என்றால் முதுமலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலை உதிர்ந்த காட்டில் பார்வை தூரம் போகும், தண்ணீரைத் தேடி விலங்குகள் வரும். வனத்துறை வண்டியிலேயே போங்கள். வெளிர்நிறக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் உண்ணி அதிகம். கடித்த இடம் வாரக்கணக்கில் அரிக்கும்.

போகும் வழி: சென்ட்ரலில் இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் விடும். அங்கிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயில். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மலை ரயிலில் இடம் சட்டென்று தீர்ந்துவிடும், உறவினர் ஒருவரிடம் அந்தத் தேதியைச் சொல்லி வையுங்கள். பஸ் என்றால் பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். அரசு விரைவு பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. வாடகைக் கார் என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (இணையத்தில் பெறும் அனுமதி) வேண்டும். 2025 கோடையில் நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உயர்நீதிமன்றம் வரம்பு வைத்தது. வெளிநாட்டுக் கைப்பேசி எண் மட்டும் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் மூலம் பதியலாம். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் வருவோருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்குத் தேசியப் பூங்காக்களில் இந்தியருக்கான நுழைவுக் கட்டணமே. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை இது. ஆனால் அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். ஒரு வாயிலில் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டி அரை மணி நேரம் வாதாடிவிட்டு, கடைசியில் வெளிநாட்டவர் கட்டணத்தையே கட்டினோம். பாஸ்போர்ட்டும் வேண்டும், தங்கும் விடுதியில் கேட்பார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் ஒன்றைச் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள்.

ஏப்ரலிலும் ஊட்டியில் இரவு குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். திரும்பும்போது அதை மேட்டுப்பாளையத்திலேயே பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். சென்ட்ரலில் இறங்கும் அதிகாலையிலேயே முதுகு நனைந்துவிடும்.