பெரியவர்களுக்கு மின்னஞ்சல் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலம் கற்கும் பெரியவர்களுக்கு மின்னஞ்சலும் சொல்லித்தரும் தொண்டூழியர்கள் சிங்கப்பூரில் பலர் இருக்கிறோம். நம்மிடம் வருபவர்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு கிடைக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் உண்டு. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு ஐம்பது வயதில் வேலை தேடும் தாய்மார்களும் உண்டு. பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில் ஊருக்கு நாள்தோறும் பேசுகிறவர்கள். ஆகவே, அவர்களுக்குத் திறன்பேசியே புதிது என்று எண்ணிப் பாடத்தைத் தொடங்குவது முதல் தவறு. முன்பின் பழகாத ஒருவருக்கு, ஆங்கிலத்தில், ஒரு காரியத்தை முன்வைத்து எழுதுவதுதான் அவர்களுக்குப் புதிது.

இருப்பதிலேயே பெரிய தவறு, கணக்கை நாமே தொடங்கிக் கொடுப்பது. நேரம் போதவில்லை என்று நானும் தொடக்கத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். ஒருவருடைய கணக்குக்கு என் கைபேசி எண்ணைக் கொடுத்து, மறைச்சொல்லை என் குறிப்பேட்டிலும் எழுதி வைத்துக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து அவர் வேறு கைபேசி வாங்கி உள்நுழைய முயன்றபோது, சரிபார்ப்பு எண் என் கைபேசிக்கு வந்தது. நானோ அப்போது வெளியூரில் இருந்தேன். வேலைக்கான கடிதம் ஒன்று அந்த அஞ்சல்பெட்டிக்குள் இருக்க, அவர் இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தது. கணக்கு அவருடையது என்றால், எண்ணும் அவருடையதாக இருக்க வேண்டும், மறைச்சொல்லையும் அவரே தேர்ந்தெடுத்து அவரே தட்டச்சு செய்ய வேண்டும். சிம் அட்டையை மாற்றினால் கணக்கிலும் எண்ணை மாற்ற வேண்டும் என்பதை அன்றே செய்துகாட்டிவிடுவது நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம் அதைவிடக் கேடானது. சரிபார்ப்பு எண் வந்ததும், “அக்கா, என்ன நம்பர் வந்திருக்கு? சொல்லுங்க” என்று நாம் கேட்கிறோம்; அவரும் வகுப்பே கேட்க உரக்கப் படித்துச் சொல்கிறார். கேட்பவர் நல்லவர்போல் தெரிந்தால் ஒருமுறை எண்ணைச் சொல்லலாம் என்ற பாடத்தைத்தான் அன்று அவர் கற்றுக்கொண்டு போகிறார். மோசடிக்காரர்கள் கேட்பதும் அந்த எண்ணைத்தான். எனவே, நாமே கேட்டாலும் சொல்லக்கூடாது என்று முதல் நாளே சொல்லி, அவர் எண்ணைத் தட்டச்சு செய்யும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ‘கவ் டாட் எஸ்ஜி’ என்று முடியும் என்பதையும், சந்தேகம் எழுந்தால் மோசடி குறித்து விசாரிக்கும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணான 1799ஐ அழைக்கலாம் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

முகவரியை வாயால் மட்டும் சொல்லித் தட்டச்சு செய்யச் சொல்வதும் தவறு. ஆங்கில ‘ஈ’ என்னும் எழுத்தைக் கேட்டு ‘ஐ’ எழுத்தை அழுத்துபவர்கள் நம்மவர்களில் நிறைய. புள்ளிக்குப் பின் இடைவெளி விடும் கைபேசி விசைப்பலகையும் குழப்பத்தைக் கூட்டும். தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது, கடிதத்தின் உள்ளடக்கம். ‘ஹலோ, ஹௌ ஆர் யூ’ என்று பக்கத்தில் இருப்பவருக்கு அனுப்பும் பயிற்சியால் பயன் மிகக் குறைவு. மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளி ஆசிரியைக்கு எழுத விரும்பிய ஓர் அம்மா, முழுச் செய்தியையும் சப்ஜெக்ட் கட்டத்திலேயே எழுதிவிட்டு, கீழே வெறுமையாக விட்டிருந்தார். அந்தக் கட்டம் எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கடித உறையைத் திறக்குமுன் ஆசிரியை பார்க்கும் ஒற்றை வரி அது என்றதும், பையனின் பெயர், வகுப்பு, ‘ஆப்சென்ட் டுடே’ என மூன்றே விவரங்களில் அவரே எழுதினார்.

நம்மவர்களின் கடித மரபு நலம் விசாரிப்பதில் தொடங்குவது. அதனால் காரியம் ஐந்தாவது வரியில்தான் வரும். அந்தப் பண்பைத் தவறென்று சொல்லத் தேவையில்லை. முதல் வரியில் காரியத்தையும் கடைசி வரியில் நன்றியையும் வைத்தால், நாளெல்லாம் கடிதம் படிக்கும் அலுவலருக்கு அதுவே மரியாதை என்று விளக்கினால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும் ஆயத்த மாதிரிகளைக் கொடுத்து நிரப்பச் சொல்வதை நிறுத்த வேண்டும். பெறுபவர் பெண்ணாக இருந்தாலும் அவை ‘சார்’ என்றே போய்ச் சேர்கின்றன. பிழையிருந்தாலும் சொந்தமாக எழுதிய நான்கு வரி மேல்.

ஒரே கடிதத்தின் நகலை இன்னொருவருக்கும் அனுப்பும் சிசி என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கார்பன் தாள் வைத்து நகல் எடுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு ஒரே வாக்கியம் போதும்.

அனுப்பியதோடு வகுப்பை முடித்துவிடுவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்குறி பார்த்துப் பழகியவர், பதில் வந்தால் கைபேசி கூப்பிடும் என்று காத்திருப்பார். பதிலோ வேண்டாத அஞ்சல்கள் ஒதுக்கப்படும் ஸ்பேம் பகுதியில் கிடக்கலாம், ஜிமெயிலில் அங்கிருந்து 30 நாளில் அழிந்தும் போகும். ஆகவே, அவர் எழுதிய கடிதத்துக்கு வார நடுவில் நீங்கள் ஒரு பதில் அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு வகுப்பை, அதை அவர் எங்கே கண்டுபிடித்தார் என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.