ஆஸ்திரேலியாவில் பிரதமர் எத்தனை நாள் இருப்பார்?

வந்த புதிதில் வங்கிக் கணக்கு, டேக்ஸ் நம்பர், வாடகை வீடு என்று ஓடவே நேரம் சரியாக இருக்கும். அரசியல் காதில் விழாது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்பவர் ‘ஸ்பில்’ என்பார். என்ன கொட்டிவிட்டது என்று தரையைப் பார்க்காதீர்கள். தலைவர் பதவி காலி என்று கட்சி எம்.பி.க்களே கூடி அறிவித்து, அங்கேயே வாக்கெடுப்பு நடத்துவதற்குத்தான் அந்தப் பெயர். ஆளுங்கட்சியில் அது நடந்தால் பிரதமர் மாறிவிடுவார். மக்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

2010 ஜூன் 23 இரவு கெவின் ரட் பிரதமர். மறுநாள் ஜூலியா கில்லார்ட். 2013 ஜூனில் ரட் திரும்ப வந்தார், செப்டம்பர் தேர்தலில் தோற்றார். அடுத்து வந்த டோனி அபாட்டை இரண்டு வருடம் முடியச் சில நாள் இருக்கும்போது சொந்தக் கட்சியே இறக்கியது. அவரை இறக்கிய டர்ன்புல்லுக்கும் 2018 ஆகஸ்டில் அதே கதி. பிறகுதான் இரண்டு பெரிய கட்சிகளும் விழித்துக்கொண்டன என்று சொல்ல முடியாது. ரட், கில்லார்ட் இருவரின் லேபர் கட்சி 2013-லேயே விதியை இறுக்கிவிட்டது. பதவியில் இருக்கும் பிரதமரை இறக்க அவர்களுக்கு முக்கால்வாசி எம்.பி.க்களின் கையெழுத்து வேண்டும். அபாட், டர்ன்புல் இருவரின் லிபரல் கட்சி 2018 டிசம்பரில்தான் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தது.

எப்போதுமே இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மென்சீஸ் என்பவர் இரண்டு தடவையாக மொத்தம் 18 வருடத்துக்கு மேல் பிரதமராக இருந்தார். ஜான் ஹோவர்ட் 1996 முதல் 2007 வரை. கடைசியில் ஆட்சியோடு சொந்தத் தொகுதியான பெனலாங்கும் போனது. இன்னொரு பக்கம் 1945-இல் ஃபோர்ட் என்பவர் பிரதமராக இருந்தது எட்டே நாள். இத்தனை தடவைதான் இருக்கலாம் என்ற வரம்பு கிடையாது. கீழவையின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருடம், அவ்வளவுதான்.

ஸ்பில் வந்தாலே ‘விசா சட்டம் மாறிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வேர்டு வரும். ஆள் மாறியதால் மட்டும் சட்டம் மாறாது. உள்துறையின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

குடியுரிமை வாங்கிய பின் வாக்களிப்பது கட்டாயம். கீழவைக்கான பச்சைச் சீட்டில் எல்லாக் கட்டத்திலும் 1, 2, 3 என்று எண் போடவேண்டும். அதில் பிரதமர் பெயரைத் தேடாதீர்கள், இருப்பது உங்கள் தொகுதி வேட்பாளர்கள்தான். 2025 தேர்தலில் பிரதமர் ஆல்பனீஸ் பெயரைச் சீட்டில் பார்த்தவர்கள் சிட்னியில் கிரேண்ட்லர் தொகுதிக்காரர்கள் மட்டுமே.