கான்ஜி மனப்பாடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஜப்பானிய மொழி படிக்க வருகிறவர்களின் நோட்டைப் புரட்டினால், கான்ஜி (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகள்) மனப்பாடம் செய்வதில் எங்கள் காலத்துத் தப்புகள் ஒன்று மாறாமல் அப்படியே இருக்கின்றன. கோடு போடும் வரிசை, தினசரிப் பயிற்சி பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒலிப்புப் பட்டியலை உருப்போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. பெரும்பாலான கான்ஜிகளுக்குச் சீனத்திலிருந்து வந்த ஒன்யோமி, ஜப்பானியச் சொல்லுக்குரிய குன்யோமி என இருவகை ஒலிப்பு உண்டு. அன்றாடப் புழக்கத்துக்கான ஜப்பான் அரசின் 2010 பட்டியலில் 2136 கான்ஜிகள் இருக்கின்றன. அதில் 'பிறப்பு, உயிர்' என்று பொருள்படும் ஒரே எழுத்துக்கு 2 ஒன்யோமி, 10 குன்யோமி.

வகுப்புக்கு வந்த ஒரு பையன் பன்னிரண்டையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். சரி என்று, 'சென்செய் நோ தன்ஜோபி' (ஆசிரியரின் பிறந்தநாள்) என்பதைக் கான்ஜியில் பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். அந்த எழுத்து அதில் இரண்டு இடத்தில் வரும். முதலில் 'செய்', அடுத்து 'ஜோ'. திணறிவிட்டான். தினமும் என்னை வாய்நிறைய 'சென்செய்' என்று கூப்பிடுகிற பையன்! அவன் பட்டியலில் 'ஷோ' என்று இருந்தது. சொல்லுக்குள் அது 'ஜோ' ஆகும் என்று பட்டியல் சொல்லாது. பல மாத உழைப்பு வீணானது. என் கோபம் அவன்மேல் இல்லை, அப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்.

எழுத்தைப் பார்த்ததும் பொருள் தெரிந்தால் முதலில் போதும். அப்புறம் அது வரும் சொற்களில், காதுக்குப் பழகிய இரண்டு மூன்றை எடுங்கள்: சென்செய், தன்ஜோபி, நமா தமகோ (பச்சை முட்டை). மனப்பாடத்துக்கு வைத்திருக்கும் கார்டின் முன்பக்கத்தில் தனி எழுத்து வேண்டாம், முழுச் சொல் இருக்கட்டும். கான்ஜிக்குப் பின்னால் ஹிரகனா (ஜப்பானிய ஒலியெழுத்து) ஒட்டி வந்தால் பெரும்பாலும் குன்யோமி. இரண்டு கான்ஜி சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒன்யோமி. மீதி ஒலிப்புகளை, அவை வரும் சொல்லை வாசிக்க நேரும்போது படித்துக்கொள்ளலாம்.

ஒலி தரும் பாதியைக் கவனிக்காதது

சீனம் படிப்பவர்களுக்கு மேலே சொன்ன தொல்லை குறைவு. பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒரே ஒலிப்புதான். அவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பச்சை, நீலம் இரண்டையும் குறிக்கும் 'ச்சிங்' எழுத்தோடு நீரைச் சேர்த்தால் தெளிவு, சூரியனைச் சேர்த்தால் மழையில்லாத வானம், பேச்சைச் சேர்த்தால் வேண்டுகோள். மூன்றும் 'ச்சிங்'தான், முறையே முதல், இரண்டாம், மூன்றாம் தொனி. ஜப்பானிய ஒன்யோமியிலும் மூன்றுக்கும் 'செய்' என்ற ஒரே ஒலி. பொதுவாக இருக்கும் பாதிதான் ஒலியைத் தருகிறது என்பதைக் கவனிக்காமல் இவற்றைத் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்தால் வேலை மூன்று மடங்கு.

ஒரே சாயல் எழுத்துகளை ஒரே நாளில் படிப்பது

'இன்னும் இல்லை', 'முடிவு' என்ற இரண்டு எழுத்துகளிலும் இரண்டு குறுக்குக்கோடுகள். மேல்கோடு சிறியதா பெரியதா என்பதுதான் வித்தியாசம். முதலாவது 'மிராய்' (எதிர்காலம்) என்ற சொல்லோடு மனதில் பதியட்டும். சில வாரம் கழித்து 'ஷூமட்சு' (வார இறுதி) மூலம் மற்றதைத் தொடுங்கள்.

இருபது முறை பார்த்து எழுதுவது

மூடிவைத்து ஒரு முறை எழுதுங்கள்.

அன்கியில் கார்டுகளைக் கொட்டுவது

அன்கி என்ற கார்டு செயலியில் திருப்பிப் பார்க்க வேண்டியவை பாக்கி சேர்ந்தால் புதியதை நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் கையால் எழுத முயல்வது

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் கையால் எழுதும் பகுதியே கிடையாது. தேர்வுக்காகப் படிக்கிறவர்கள் அந்த நேரத்தை வாசிப்புக்குக் கொடுங்கள். ஜப்பானில் குடியேறப் போகிறவர்கள், படிவத்தில் தங்கள் விலாசத்தைத் தடுமாறாமல் எழுதும் அளவுக்காவது கையைப் பழக்குங்கள்.