தடைக்காலம் முடிந்து இன்ஜின் எடுக்கவில்லையா? செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்

மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த 61 நாளும் மும்பை மழையிலும் உப்புக்காற்றிலும் சும்மா நின்ற இன்ஜின், ஆகஸ்ட் 1 அன்று ஒரே அழுத்தில் எடுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மும்பையின் மீன்பிடித் துறைகளான சசூன் டாக்கிலோ வெர்சோவாவிலோ வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் காலை நேரம் தெரியும். ஐஸ் ஏற்றியாச்சு, வலை ஏற்றியாச்சு, பக்கத்துப் படகு கிளம்பியாச்சு, தாண்டேல் (படகை நடத்துபவர்) மேலே நின்று சத்தம் போடுகிறார். அந்த அவசரத்தில் செல்ஃபைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் சின்னக் கோளாறைப் பெரிய செலவாக்குகிறது.

செல்ஃபைத் தொடும் முன் ஆயில் கேஜை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனுக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் போட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் நன்றாகவே இருந்தாலும், ரெண்டு மாதம் நின்ற இன்ஜினை முதலில் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பது நல்லது. எங்காவது முட்டி நின்றால் பலம் காட்ட வேண்டாம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றினால், உள்ளே நிற்கும் தண்ணீர் அந்த வழியாக வெளியே வரும்.

அப்புறம், எல்லோரும் தாண்டிப் போகும் சில்லறை விஷயங்கள். ஸ்டாப் லெவர் இழுத்த இடத்திலேயே நிற்கும். டேங்க் வால்வு மூடியே கிடக்கும். கியர் நியூட்ரலில் சரியாக உட்கார்ந்திருக்காது. அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின்) என்றால், அவசரத்தில் இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கிளிப் ஸ்விட்சில் மாட்டாமல் தொங்கும். இவற்றைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

செல்ஃபை அழுத்தியதும் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால், உடனே செல்ஃப் போச்சு என்று கழற்றிவிடுகிறார்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6க்கும் கீழே சரிந்தால் பேட்டரியால் பாரம் தாங்க முடியவில்லை. பேட்டரி சரியாக இருந்தால் கிளாம்பைக் கழற்றி, உள்பக்கம் பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். எர்த் வயர் இன்ஜின் பிளாக்கில் சேரும் போல்ட்டையும் அப்படியே தேய்க்க வேண்டும். பெரும்பாலும் மறந்துபோகிற இடம் அதுதான். செல்ஃபின் முனைகளை ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் பண்ணி இன்ஜினை எடுக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பொறி பட்டால் வெடிக்கும். கியர் விழுந்திருந்தால் புரொப்பல்லரும் சேர்ந்து சுற்றும். பின்பக்கம் தண்ணீரில் ஆள் இறங்கி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் எடுக்கவில்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் எடுக்கவில்லையென்றால் டீசல் போகிறது, எரியவில்லை: டீசலில் தண்ணீர் இருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், பேட்டரி இறங்கி இன்ஜின் மெதுவாகச் சுற்றலாம். இந்த ஒரு பார்வை மணிக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும்.

மழைக்காலம் முடிந்ததும் சந்தேகப்பட வேண்டியது டீசலைத்தான். பாதி டேங்கோடு படகை நிறுத்தியிருந்தால், மேலே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராக அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். நல்ல டீசல் ஒரே நிறமாக நிற்கும். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்ட மாதிரி தனியாகப் பிரியும். கோட்டின் மேல் கறுத்த வழவழப்பான படலம் மிதந்தால் டேங்கே கெட்டிருக்கிறது. அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்புவதுதான் பெரிய தவறு. துறைமுகத்துக்குள் அசையாமல் கிடக்கும் அழுக்கு, வெளியே முதல் அலையிலேயே கலங்கி வந்து புது ஃபில்டரையும் அடைக்கும். டேங்கின் அடியை வடித்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஃபில்டரைத் திறந்தால் உள்ளே காற்று போகும். அந்த ஏரை வெளியே எடுக்காமல் செல்ஃப் போட்டால் பேட்டரிதான் இறங்கும். ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்தி, கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அமுக்குங்கள். முதலில் நுரை பொங்கும், அப்புறம் குமிழியும் டீசலுமாகத் துப்பும், கடைசியில் குமிழியே இல்லாமல் டீசல் ஒழுகும். அமுக்கிக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து பம்ப்பில் இருக்கும் ஸ்க்ரூ. டேங்க் பக்கத்திலிருந்து இன்ஜினை நோக்கித்தான் போக வேண்டும். கடைசியாக நாசில் பைப் நட்டைத் தளர்த்தும்போது விரலால் மூடிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே போய்விடலாம்.

ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃப் போடாதீர்கள். நடுவில் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். கடல் தண்ணீரும் புகையும் ஒரே குழாயில் போகும் படகில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இன்ஜின் எடுக்காவிட்டாலும் செல்ஃப் சுற்றும் நேரமெல்லாம் பம்ப் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை இல்லை என்பதால் சைலன்சர் நிறைந்து சிலிண்டருக்குத் திரும்பும். ஆகவே கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயலுங்கள். எடுத்த அந்தக் கணமே திறந்துவிடுங்கள்.

பெட்ரோல் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் பழைய பெட்ரோலை ஊற்ற வேண்டாம். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். அதேபோல, கரையில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம்; கூலிங் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.

சரி, இன்ஜின் எடுத்துவிட்டது. உடனே கயிற்றை அவிழ்க்காதீர்கள். ஆயில் பிரஷர் ஏறுகிறதா, கூலிங் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். கட்டிய இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, ஃபில்டரை மறுபடி பாட்டிலில் வடித்துப் பாருங்கள். மும்பையில் பெரிய ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும். அது வற்றும்போது நீரோட்டம் படகைச் சும்மா விடாது. வெளியே போய் இன்ஜின் நின்றுவிட்டால் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், இன்ஜின் அறைக்குள் அப்புறம் இறங்கலாம். உதவி கேட்க வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல், போனில் கடலோரக் காவல் படையின் 1554. இரண்டையும் இன்ஜின் அறைக் கதவில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.