ஹெச்டிஎஃப்5-இல் நினைவகப் பிழையா? முதலில் பிரதிகளைத் தேடுங்கள்

பெரிய அறிவியல் தரவுக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஹெச்டிஎஃப்5 (HDF5) நூலகத்தில் தீவிரமான நினைவகப் பிழை என்று அறிவிப்பு வந்தால், அந்த நூலகம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். இயங்குதளப் பொதியைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. பைத்தான் பொதிகளை நிறுவும் கருவியான பிப் வழியாக நிறுவிய ஹெச்5பை (h5py), நெட்சிடிஎஃப்4 (netCDF4) என்ற பைத்தான் பொதிகள் இரண்டுமே பெரும்பாலும் ஹெச்டிஎஃப்5-இன் தனிப் பிரதியோடு வரும். ஹெச்5பையின் வெர்ஷன் தகவலை அச்சிட்டால் உள்ளே இருக்கும் பதிப்பு தெரிந்துவிடும். நிரலையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும் கன்டெய்னர் இமேஜ்களையும் விடாதீர்கள்.

திருத்தம் வரும்வரை வெளியார் கோப்புகளை நெட்வொர்க் இல்லாத கன்டெய்னரில் மட்டும் திறக்கிறேன். கோப்பு சொல்லும் அளவை அப்படியே நம்பி, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவதுதான் இங்கே வழக்கமான கோளாறு.

அப்புறம், திருத்திய பதிப்பை, நினைவகத் தவறுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் அட்ரஸ்சானிடைசர் (AddressSanitizer) கருவியோடு கம்பைல் செய்து, பிழையைக் கிளப்பும் மாதிரிக் கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். கிராஷ் ஆகாதது மட்டும் போதாது, சானிடைசரும் எதுவும் சொல்லக்கூடாது.