டிக்ஸில் முக்கோணத்தின் முனைகள் சேராதபோது

ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேடெக்கில், கட்டளைகளால் படம் வரையும் டிக்ஸ் தொகுப்பைக் கொண்டு ஒரு முக்கோணமும் அதன் சுற்றுவட்டமும் வரைந்தேன். மூன்று முனைகளிலும் கோடுகள் சேராமல் சின்ன இடைவெளி. நாள்கணக்கில் உயிரை வாங்கியது. கோட்டைத் தடிமனாக்கினேன், கோடுகள் சேரும் மூலையின் வடிவத்தைச் சொல்லும் லைன் ஜாயின், கோட்டு நுனியின் வடிவத்தைச் சொல்லும் லைன் கேப் இரண்டையும் ரவுண்ட் ஆக்கினேன், கடைசியில் பாதையைத் தொடங்கிய இடத்தோடு மூடும் சைக்கிள் சேர்த்தேன். ம்ஹூம். ஸ்கேலை 2 ஆக்கினால் முக்கோணம் பெரிதாகிறது, இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது.

அப்புறம் ஆவணத்தின் எழுத்தளவை 10 பாயின்டிலிருந்து 12க்கு மாற்றியபோதுதான் துப்புக் கிடைத்தது. இடைவெளியும் கொஞ்சம் அகன்றிருந்தது! வடிவியல் படத்தில் எழுத்துக்கு என்ன வேலை?

உச்சிகளை, படத்தில் எழுத்து வைக்க உதவும் நோட் கட்டளையால், உள்ளே எதுவும் எழுதாமல் குறித்திருந்தேன். காலியாக இருந்தாலும் நோட் என்பது புள்ளி அல்ல, பெட்டி. அதன் இன்னர் செப், அதாவது எழுத்துக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவே விடும் இடம், இயல்பாகவே 0.3333 எம். எம் என்பது எழுத்தளவைப் பொறுத்து மாறும் நீள அலகு. கோடு பெட்டியின் விளிம்பில் நின்று, இன்னொரு விளிம்பில் புதிதாகத் தொடங்குகிறது. துண்டு துண்டான கோடுகளில் லைன் ஜாயின் எதை ஒட்டும்?

நோட்டை எடுத்துவிட்டு, வெறும் புள்ளியைக் குறிக்கும் கோஆர்டினேட் போட்டேன், முனைகள் கச்சிதமாகச் சேர்ந்தன. நோட்தான் வேண்டுமென்றால், பெயருக்குப் பின் புள்ளி வைத்து சென்டர் என்று எழுதினால் சரி. இன்னர் செப்பை மட்டும் 0 ஆக்கினால் போதாது. கோட்டுத் தடிமனில் பாதி அளவுக்கு அவுட்டர் செப், அதாவது பெட்டிக்கு வெளியே விடும் இடம், மிச்சமிருக்கும்.